அனுப்ப மாட்டேன்

"அனுப்ப மாட்டேன்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், மேசையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

எதிரே வாலிபால் கோச்சும் அணியின் கேப்டனும் நின்றிருந்தார்கள். கடைக்காரரின் மனைவிதான் அந்த அணியிலேயே நன்றாக அடிக்கிறவள். போன வருஷம் ஒரு ஆட்டத்தில் எகிறி அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது வலது முட்டி திருகி, ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன், ஊன்றுகோல், பயிற்சி என்று பத்து மாதம் ஓடிப்போனது. வரும் ஞாயிறு அரையிறுதி.

கோச் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டாக்டர் ஆடலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் ஓடவிட்டு, ஒற்றைக் காலில் குதிக்கவிட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு காலும் இப்போது ஒரே பலம். இனி என்ன தடை?

"நான்தான் தடை. மறுபடி விழுந்தா யார் பாக்கிறது? பத்து மாசமா சமையல், துணி எல்லாம் என் தலையிலதான். போதும்."

கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் கடைக்காரர் மனைவியின் பள்ளிக்கூடத்து சிநேகிதி. எப்போது போன் செய்தாலும் இவர்தான் எடுக்கிறார்; குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று வைத்துவிடுகிறார்.

"அவ உங்க பொண்டாட்டியா, கைதியா?"

படத்துக்குச் சட்டம் போட வந்திருந்த பெரியவர்கூட, இது நியாயமில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கடைக்காரர் ஸ்கேலை வைத்துக் கண்ணாடியைக் கீறி, விளிம்பில் அழுத்தினார். கோணலாக உடைந்தது. காலையிலிருந்து மூன்றாவது.

"எனக்கு வேலை இருக்கு, சார்" என்றார் கோச்சிடம்.

படியிறங்கும்போது கேப்டன், கடைக்காரர் காதில் விழட்டும் என்றே சொன்னாள். பெண்டாட்டி பேர் வாங்குவது இந்த மனுஷனுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்றாள். பெரியவரும் சட்டத்தை வேறு கடையில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அவர் கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

வீட்டில் மனைவி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொன்று கையில். எத்தனை தடவை போட்டுக் கழற்றினாளோ.

"வந்தாங்களா?"

வந்ததையும் தான் சொன்னதையும் சொன்னார். அவர்கள் சொன்னதைச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நானே போய் உண்மையைச் சொல்லிடறேங்க. கிளினிக்குல குதிச்சுடறேன். கோர்ட்டுல வலையைப் பாத்தாலே அன்னிக்கு முட்டியில கேட்ட சத்தம் கேக்குது, கால் எழும்ப மாட்டேங்குதுன்னு சொல்லிடறேன். நான் சொல்லச் சொன்னதுக்கு நீங்க எதுக்குப் பேச்சு வாங்கணும்?"

கடைக்காரர் அவள் கையிலிருந்த ஷூவை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ பயப்படறேன்னு தெரிஞ்சா உன் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. புருஷன் விடலைன்னா, என்னைத் திட்டிக்கிட்டே உனக்காகக் காத்திருப்பாங்க."