இன்டர்காமின் தொண்டைக்கட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு லிஃப்ட் இருந்தது. சம்பந்தி, சோப்பு விற்பவர், வழி தவறிய பூனை என்று யார் ஏறினாலும் பேதம் பார்க்காமல் மேலே கொண்டுபோய் விடும். இது பிடிக்காத குடித்தனக்காரர்கள் வாசலில் ஒரு இன்டர்காமைக் கொண்டுவந்து மாட்டினார்கள். வருகிறவர் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சரி என்றால்தான் லிஃப்ட் நகரும்.

"இனிமே என் உத்தரவில்லாம அசையக் கூடாது, அண்ணே," என்றது இன்டர்காம். வந்த அன்றைக்கே இந்த மிதப்பா என்று லிஃப்டுக்கு எரிச்சல். ஆனாலும் அடங்கிப் போனது.

மழை பிடித்தது. இன்டர்காமுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதன் ஒயரெல்லாம் சேரும் பெட்டி மொட்டைமாடியில் இருந்தது. அதைப் பழுதுபார்க்க மெக்கானிக் ஒருவர் ஏணியும் பையுமாக வந்து நின்றார்.

"எந்த வீடு?" என்று கரகரத்தது இன்டர்காம்.

"வீடு இல்லப்பா, மொட்டைமாடிக்குப் போகணும். இந்த இன்டர்காம்ல..."

"வீட்டு நம்பர் இல்லாதவங்க மேல போக முடியாது!"

"தம்பி, அவரு என்ன சொல்ல வர்றாருன்னு கொஞ்சம் கேளேன்," என்றது லிஃப்ட்.

"சட்டம்னா சட்டம்தான், அண்ணே!"

ஏணியைச் சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏற அவருக்கென்ன பைத்தியமா? திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

சாயங்காலம் இன்டர்காமின் தொண்டையிலிருந்து பாதி குரலும் பாதி காற்றுமாகத்தான் வந்தது.

"பாத்தீங்களா அண்ணே, மெக்கானிக் இன்னும் வரலை. யாருக்கும் பொறுப்பே இல்லை."

"வருவாரு தம்பி," என்றது லிஃப்ட். "வந்தா, எந்த வீடுன்னு மறக்காம கேளு."