பாதிக் காற்று

"அடிச்சனியோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

அருந்ததி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு அழுத்தமா என்று கனகேஸ்வரி டீச்சருக்குக் கோபம் ஏறியது.

2007ஆம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் தன் வீட்டு ஹோலிலேயே சனிக்கிழமைகளில் டீச்சர் சித்திர வகுப்பு நடத்திவந்தார். போன மாதம் காகிதப் பந்து செய்யக் காட்டிக் கொடுத்திருந்தார். சதுரத் தாளைப் பல தரம் மடித்து, கடைசியில் நுனியில் உள்ள ஓட்டைக்குள் ஊதினால் பந்து உப்பி நிற்கும்.

அப்படி ஒரு பந்தைத்தான் அருந்ததி சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பைறோஸா அதை எடுத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பந்து ஒரு பக்கம் சப்பளிந்துபோனது. அடுத்த நொடி பைறோஸாவின் கன்னத்தில் பளார் என்று விழுந்தது.

"நான் களவெடுக்கல்ல டீச்சர். விளையாடத்தான் எடுத்தன்." பைறோஸா விக்கி விக்கி அழுதாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"கேட்டியா? ஒரு தாள். அஞ்சு நிமிச வேலை. அதுக்காக ஒரு பிள்ளைக்குக் கை நீட்டுறதோ? ஸொறி கேள்."

அருந்ததி பந்தை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றாள். கண்கள் நிறைந்திருந்தன.

"கேக்காட்டி அடுத்த கிழமை வகுப்புக்கு வர வேண்டாம். அம்மாட்டயும் சொல்லுவன்."

"அம்மாட்ட சொல்லாதேங்கோ டீச்சர். அவ பாவம்." அவள் பைறோஸாவின் பக்கம் திரும்பினாள். "ஸொறி."

ஸொறி கேட்ட பிறகும் அருந்ததியின் அழுகை நிற்கவில்லை. டீச்சருக்கு மனம் இளகிவிட்டது. கண்டிக்கலாம், அதற்காகப் பிள்ளையை அழவிட்டு வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

"சரி குஞ்சு, அழாதே. இங்க தா, நான் சரியாக்கித் தாறன்."

"வேண்டாம் டீச்சர். இன்னும் பாதி இருக்கு."

"அதென்ன பாதி? முழுசாவே ஆக்கித் தாறன், கொண்டா."

"வேண்டாம் டீச்சர், தொடாதேங்கோ..."

சின்னப் பிள்ளைகள் இப்படித்தான், உடைந்ததையும் விடமாட்டார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே பந்தை அவள் கையிலிருந்து எடுத்தார். மடிப்புகள் ஒழுங்காக விழட்டும் என்று முதலில் அதை நன்றாக அமத்தித் தட்டையாக்கினார். பிறகு ஓட்டையில் வாயை வைத்து ஒரே மூச்சாக ஊதினார்.

பந்து முன்னிலும் வடிவாக உப்பி நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பைறோஸாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

"பாத்தியா? புதுசு மாதிரி. இதுக்குப் போய் ஆரும் அழுவினமோ?"

அருந்ததி பந்தை வாங்கக் கை நீட்டவில்லை. அழுகையும் நின்றுவிட்டிருந்தது.

"இது உங்கட காத்து, டீச்சர்," என்றாள். "அதுக்குள்ள இருந்தது அப்பாட காத்து. ஆரோ அவரைப் பிடிச்சு வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போன அண்டைக்குக் காலமைதான் எனக்கு ஊதித் தந்தவர்."