பிந்தி வந்த பதற்றம்

தூத்துக்குடி துறைமுகத்தில் ராட்சதக் கிரேன் ஓட்டும் ரூபனின் தோளில் கம்பெனி ஒரு மருந்துப் பட்டையை ஒட்டியிருந்தது. உயரத்தில் பயந்து கை நடுங்கிவிடாதபடி அது அட்ரினலின் சுரப்பை அடக்கி வைக்கும். வீட்டிலும் அதைக் கழற்றக் கூடாது. அவனுக்குக் கோபமே வராமல் போனதில் மனைவி பெனிட்டாவுக்கும் நிம்மதிதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி உலர்த்திவிட்டுத் திரும்பியபோது, இரண்டு வயது மகள் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே ரூபன் நடந்து வந்துகொண்டிருந்தான். நடந்து! பெனிட்டா அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை தண்ணீரைக் கக்கிவிட்டு வீரிட்டு அழுதது.

"ஓடி வரத் தெரியாதா உங்களுக்கு?"

"வந்துட்டுத்தானே இருந்தேன்," என்றான் சாவதானமாக. "எதுக்கு இப்பம் கத்துத?"

அவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அவன் தோளிலிருந்த பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

சற்று நேரத்தில் ரூபனின் உதடுகள் துடித்தன. முகம் வெளிறியது. "ஐயோ, எம் புள்ள!" என்று அலறிக்கொண்டு ஓடித் தொட்டிக்குள் குதித்தான்.

"புள்ள எங்கிட்ட இருக்குங்க! இந்தா பாருங்க!" என்று பெனிட்டா கத்தினாள்.

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. வெறும் தண்ணீரை இரண்டு கைகளாலும் துழாவிக்கொண்டே இருந்தான்.