இருபது நட்சத்திரக் கொடி

தொப்பிக்காரர் அன்றும் வந்துவிட்டார். நேராகப் பழைய தேசியக் கொடி இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்று, விரலை ஆட்டி ஆட்டி ஏதோ முணுமுணுத்தார்.

காவலாளி அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். போன மாதம் காவலாளியின் கண்ணெதிரிலேயே ஒருவன் பித்தளைத் தொலைநோக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இவரும் "போயிட்டு வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

"இன்னொரு பொருள் காணாமப் போச்சுன்னா, நீங்களும் காணாமப் போயிடுங்க" என்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன பதில் சொல்வது என்று காவலாளி பயந்துபோயிருந்தார்.

அந்தக் கொடி, முன்பிருந்த இயக்குநர் பெரிய விலை கொடுத்து வாங்கியது. பார்த்தால் அப்படித் தெரியாது. நீலத் துணியில் வெள்ளை நட்சத்திரங்கள், கை தவறிக் கொட்டிய சட்டைப் பொத்தான்கள் மாதிரி இறைந்து கிடக்கும்.

"அதுதான் இதோட அழகே" என்று வருகிறவர்களிடம் சொல்வார் இயக்குநர் அம்மா. "நாட்டோட ஒரு மாகாணம் சேர்ந்தா கொடியில ஒரு நட்சத்திரம் கூடும். ஆனா எப்படி அடுக்கணும்னு அப்போ சட்டமே கிடையாது. ஒருத்தர் வட்டமா வைப்பாங்க, ஒருத்தர் வரிசையா வைப்பாங்க. இதைத் தைச்சவங்க மனசு போன போக்கில வெச்சிருக்காங்க. இருபது மாகாணம் இருந்த காலத்துக் கொடி."

தொப்பிக்காரர் மெல்லக் காவலாளியிடம் வந்தார்.

"யாரோ பேராசிரியர் வராராமே, கொடியைப் பார்க்க?"

"வெள்ளிக்கிழமை. பூதக்கண்ணாடி வெச்சு ஆராயப்போறார். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சும்மாதான் கேட்டேன். நீங்க சாப்பிட எப்போ போவீங்க?"

விவரமுள்ள எந்தக் காவலாளியும் இதற்குப் பதில் சொல்ல மாட்டார். இவர் "ஒரு மணிக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை எல்லோருக்கும் தெரியும்படி ஆட்டிக்கொண்டு வெளியே போனார். டிக்கெட் கொடுக்கிற அக்காவிடம், "இன்னிக்கு அந்தாளைப் பிடிக்கிறேனா இல்லையா பாருங்க" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்தோட யாரைப் பிடிப்பீங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பொறுமையாகச் சாப்பிட்டு, கை கழுவி, டப்பாவையும் கழுவி வைத்துவிட்டுத்தான் பூனை நடை நடந்து உள்ளே வந்தார்.

பெட்டி திறந்து கிடந்தது. சாவி தொலைந்துவிடக் கூடாது என்று அதைப் பெட்டிக்குப் பின்னாலேயே ஆணியில் மாட்டிவைப்பது அங்கே வழக்கம். தொப்பிக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கொடி, கையில் குட்டிக் கத்தரி.

காவலாளி பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தார். "கொடியைத் திருடவா பார்க்கறீங்க?"

தொப்பிக்காரர் கொடியைப் பார்த்தார். கத்தரியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஆமாங்க, திருடத்தான் வந்தேன். போலீஸைக் கூப்பிடுங்க."

துரத்த வேண்டியிருக்கும் என்று ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்த காவலாளிக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்தார். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இரண்டு முறை எண்ணினார். "சரியா இருபது. அசல் கொடிதான், சந்தேகமே வேண்டாம்" என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். கொடியைக் காப்பாற்றிய காவலாளிக்கு வேலை நிரந்தரமானது. அவர் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். இயக்குநர் அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

திருட முயன்ற குற்றத்துக்குத் தொப்பிக்காரருக்கு ஆறு மாதம் கிடைத்தது. பார்க்க வந்த அவர் மனைவி, பேராசிரியரின் படம் வந்திருந்த செய்தித்தாளைக் கம்பிவலையில் வைத்துக் காட்டிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"விக்கிற அவசரத்துல நான் பத்தொன்பதோட தையலை நிறுத்திட்டேன், அந்த இருபதாவதைத் தைச்சு முடிக்கப்போய் நீங்க உள்ள உட்கார வேண்டியதாப் போச்சே."