தட்டிலிருந்து வந்த கூப்பாடு

இந்தக் காலத்து ஆட்களுக்குச் செத்தவனைக்கூட நிம்மதியாக விட மனசு வருவதில்லை. அரியலூர் கடைவீதியில், காப்பிக் கிளப்பு வாசலில், கிராமபோன் பெட்டியைச் சுற்றி பேண்டு செட்டுக்காரர்கள் கூடி நிற்கிறார்கள். போன வருஷம் செத்துப்போன செட்டுத் தலைவர் சாமிதுரையின் மெட்டுகளையே வாசித்து, அவர் நினைவாக மதராஸில் இசைத்தட்டு போட்டுக் கொண்டுவந்திருக்கிறான் புதுத் தலைவன் வேணுகோபால். சாமிதுரைக்குக் காலமெல்லாம் பெரிய டிரம் அடித்த கொளஞ்சி மட்டும் எட்டவே நிற்கிறார். கறுப்புத் தட்டின்மேல் வெயில் வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது. ஊசி கரகரக்கிறது. வாத்தியம் எழும்புமுன் சாமிதுரையின் அதே அதட்டல்: “கொளஞ்சி, அடிடா!”

“இந்தா, வந்துட்டேண்ணே!” என்று கத்திவிடுகிறார் கொளஞ்சி. கை தானாக ஓங்கி நிற்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரோ சட்டென்று வாயைப் பொத்திக்கொள்கிறார். செத்தவன் குரல் மூன்றாம் தரம் கூப்பிடாது. அதற்குமுன் பதில் சொன்னவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால்தான் முதல் கூப்பாட்டுக்கு ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

“மாமா, அது நான்தான். மரியாதைக்கு அவரு மாதிரியே கொரலு குடுத்தேன்,” என்கிறான் வேணுகோபால்.

“நீயா? அவரு தொண்டையில சளி கட்டுனதுகூட கேக்குதேடா!”

“ஊசி தேஞ்சுபோச்சு மாமா, அதான். இன்னொரு தபா போடவா?”

“தொட்டீன்னா கைய முறிச்சுடுவேன்!”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். பின்னால் பெட்டிக்குச் சாவி கொடுக்கும் சத்தம். மறுபடியும், “கொளஞ்சி, அடிடா!” உதட்டைக் கடித்துக்கொள்கிறார். மூன்றாம் தரமும் கூப்பிட்டால் வேணுகோபால் சொன்னது நிஜம்; கூப்பிடாவிட்டால் கூப்பிட்டது செத்தவனேதான். அதைக் கேட்க நிற்காமல் நடையை எட்டிப் போடுகிறார்.