சங்கம் கொடுத்த பை

ஷெரின் தனியாளாக நடத்தும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு, கட்டடக்கலைஞர் சங்கத்திலிருந்து வருடந்தோறும் வந்து சேர்வது ஒரு துணிப்பை மட்டும்தான். "இதுக்கா சந்தா கட்டுறே?" என்று கேட்டபடியே அவள் கணவன் எட்வின், சங்கத்தின் பெயர் உள்ளே போகும்படி பையைப் புரட்டிக்கொண்டு மீன் வாங்கப் போவான்.

ஒரு வீட்டுக்குத் தளம் போடவேண்டிய காலையில் அவளுக்கு அவசரமாகக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. அங்கே கலவை இயந்திரம் வந்துவிட்டது. 'யாராவது போய்ப் பார்க்க முடியுமா' என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு வரி எழுதிவிட்டுக் கண்ணை மூடினாள்.

மயக்கம் தெளிந்ததும் சங்கத்து உறுப்பினர் ரிஸ்வான் போனில் கூப்பிட்டார். அந்த வீட்டு வேலையை அவளிடம் பறிகொடுத்தவர்.

"பால்கனிக் கம்பிய மேல கட்டாம கீழ கட்டியிருந்தாங்க மேடம். உங்க டிராயிங்லயே கீழன்னுதான் இருக்கு. அப்படியே ஊத்தியிருந்தா ஒருநாள் விழுந்திருக்கும். பிரிச்சு மாத்திக் கட்டியாச்சு."

"ஏன் லேட்டுன்னு ஓனர் கேக்கலையா?"

"கேட்டாரு. கம்பி கட்டுறவங்க டீ குடிக்கிறாங்கன்னு சொல்லிட்டேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எட்வின், மாற்றுத்துணி கொண்டுவந்திருந்த பையைக் கட்டிலில் கவிழ்த்தான். சங்கத்தின் பெயர் வெளியே தெரியும்படி அதைப் புரட்டினான். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைக்கத் தொடங்கினான்.