சளியில் ரத்தம், மீசையில் சமோசா

"மூணு மாசமா இருமல் டாக்டர். நேத்து சளியில ரத்தமே வந்துருச்சு." பாலசுப்ரமணியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை இருமினார். பக்கத்து நாற்காலியில் ருக்மிணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் வைதேஹி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உண்மையில் பாலசுப்ரமணியத்துக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. டில்லி லோதி ரோடு கவர்ன்மென்ட் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படிப்பதுபோல நுரையீரல் புற்றுநோயின் அறிகுறிகளை நேற்று உருப்போட்டிருந்தார்.

காரணம் இருந்தது. இதே வைதேஹியைத்தான் நாளை நாலு மணிக்கு அவர்கள் மகன் கௌதமனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். பெண் வீட்டுக்கு அனுப்பியது பையன் போட்டோ மட்டும்தான். அப்பா அம்மா முகம் யாருக்குத் தெரியும் என்கிற தைரியத்தில், வெங்கடேஸ்வரன் என்று பெயர் கொடுத்து ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கிவிட்டார்.

"நாளைக்குப் பட்டுப்புடவை கட்டிக் காபி கொடுக்கிறப்போ எல்லாப் பொண்ணும் தங்கம்தான் ருக்கு. நாப்பது பேஷண்ட் மொய்க்கிற இடத்துல எரிஞ்சு விழறாளான்னு பார்க்கணும்" என்பது அவர் கட்சி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் பையில் போடாத மனிதர், மருமகளை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வாரா? ருக்மிணிக்கோ வேறு கவலை. கௌதமனுக்கு முப்பத்திரண்டு முடியப் போகிறது, ஐந்து ஜாதகம் தட்டிப் போயிற்று. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள்.

ஜனவரிக் குளிருக்கு இருவரும் மாம்பழ மஞ்சளில் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மொத்தமாக எடுத்தால் மலிவு என்று அவர் பேரம் பேசி நூல் வாங்கி வர, ருக்மிணி குடும்பத்துக்கே மூன்றாகப் பின்னித் தள்ளியிருந்தாள்.

"வெயிட் குறைஞ்சிருக்கா அங்கிள்?"

"எட்டு கிலோ!" ஸ்வெட்டரின் நடுப் பொத்தான் தொப்பையோடு போராடிக்கொண்டிருந்தது.

"பசி?"

"சுத்தமா இல்லம்மா."

"அச்சா. அப்போ மீசையில இருக்கிறது?"

பாலசுப்ரமணியம் அவசரமாகச் சமோசாத் துணுக்கைத் தட்டிவிட்டார். "அதை நான்தாம்மா ஊட்டினேன். மருந்து மாதிரி முழுங்கினார்" என்று ருக்மிணி முட்டுக் கொடுத்தாள்.

"குரல் கம்மிப் போச்சா?"

"ரொம்ப!" என்று அவர் சொன்னதில் வராண்டாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வைதேஹி முகம் சுளிக்கவே இல்லை. ருக்மிணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "இவ்வளவு வேலைக்கு நடுவுல ஏதாவது சாப்பிடறியாம்மா?" என்று கேட்டே விட்டாள்.

"ராஜ்மா சாவல் இருக்கு ஆன்ட்டி. நானே செஞ்சு கொண்டு வந்தேன்."

மேஜைக்கு அடியில் ருக்மிணி கணவரின் தொடையைக் கிள்ளினாள். பாஸ் என்று அர்த்தம்.

"சிகரெட் உண்டா அங்கிள்?"

"தினம் ரெண்டு பாக்கெட். நாப்பது வருஷமா." வாழ்நாளில் ஊதுபத்தி தவிர வேறெதையும் அவர் பற்ற வைத்ததில்லை.

"எந்த சிகரெட்?"

"நல்ல சிகரெட்தாம்மா. விலை கூட."

வைதேஹி முதல்முறையாக முன்னால் சாய்ந்தாள். "வீட்ல வேற யாராவது பிடிப்பாங்களா? ஒருத்தர் விடற புகை எல்லாருக்கும் கெடுதல். பசங்க?"

"சீச்சீ! என் பையன் சொக்கத் தங்கம்!"

"டாக்டர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுங்க" என்றாள் ருக்மிணி பயபக்தியோடு. "மொட்டை மாடிக்குப் போய் நாலு பிடிக்கிறாம்மா. தினம் இல்ல, வாரத்துக்கு."

"ரெண்டு!" என்று சீறினார் பாலசுப்ரமணியம்.

"நாலு. துண்டைப் பொறுக்கறது நான்."

"ரெண்டுங்கறேன்ல!"

"சரி, மூணுன்னு போட்டுக்கறேன்" என்று வைதேஹி முடித்து வைத்தாள். சளியில் ரத்தம் என்றபோது அசையாத பேனா, இப்போது கிடுகிடுவென்று ஓடியது. "கோபம் வந்தா கத்துவாரா?"

"அவனா? நாங்க கத்தினா காதைப் பொத்திக்குவான்."

"சமைப்பாரா?"

"முட்டை வேக வைப்பாம்மா. தோசையும் வார்ப்பான், வட்டமா வராது."

நுரையீரலுக்கும் தோசைக்கும் என்ன சம்பந்தம் என்று பாலசுப்ரமணியத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது. "பார்த்தியா, குடும்பத்தையே துருவித் துருவி விசாரிக்கிறா. இவதான் டாக்டர்!" என்று மனைவி காதில் கிசுகிசுத்தார். பிறகு நினைவு வந்தவராக இன்னொரு முறை இருமினார். "எனக்கு எக்ஸ்ரே ஏதாவது எடுக்கணுமாம்மா?"

"உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. வெளியே நிஜமாவே இருமறவங்க நாப்பது பேர் காத்திருக்காங்க. இன்னொரு தடவை அவங்க இடத்துல வந்து உட்காராதீங்க."

வைதேஹி மேஜைமேல் கிடந்த மொபைலை எடுத்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். அதே மாம்பழ மஞ்சள் ஸ்வெட்டரில் கௌதமன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் மாப்பிள்ளை பார்த்தாச்சு மாமா, அந்த மூணு சிகரெட்டையும் விட்டார்னா நாளைக்குக் காபி உண்டு."